துப்பாக்கியின் நீட்டித்த மேகசினை நம்பலாமா? 540 தோட்டாச் சோதனையும் அதன்பின் வந்த விவாதமும்

குடமுருட்டி எழுதியது:

பதினோரு ஆண்டுகளாக ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் வேலை. குறுவைக்குத் தண்ணீர் வரும் சமயம் பார்த்து ஊருக்கு வருவது வழக்கம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். துப்பாக்கி டெக்சாஸ் வீட்டில், பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கையோடு வந்தது நோட்டு மட்டும்.

என்னிடம் இருப்பது சிறிய 9 எம்.எம். கைத்துப்பாக்கி. கம்பெனி கொடுத்த மேகசினில், அதாவது தோட்டாவை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டியில், 10 தோட்டா பிடிக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் கிடையாது. வேறொரு நிறுவனம் இதற்கென்று 15 தோட்டா பிடிக்கும் நீட்டித்த மேகசின் விற்கிறது. உள்ளே செருகினால் பிடிக்குக் கீழே இரண்டு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கும், சுண்டுவிரலும் உட்கார்ந்துகொள்ளும். டெக்சாஸில் மேகசின் கொள்ளளவுக்கு வரம்பு இல்லை. கலிஃபோர்னியாவில் இதையே விற்க முடியாது, பத்துக்கு மேல் கூடாது. அந்தப் பத்து என்ற வரம்பு 1994 முதல் 2004 வரை அந்த நாடு முழுவதற்குமே இருந்தது.

ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். மகளின் நகப்பூச்சை எடுத்து ஒன்றின் அடித்தட்டில் ஒரு புள்ளி, மற்றதில் இரண்டு புள்ளி வைத்தேன். இனி ஒற்றைப்புள்ளி, இரட்டைப்புள்ளி என்றே சொல்கிறேன்.

நீட்டித்த மேகசின்கள் இரண்டையும் தலைக்குப் பன்னிரண்டு முறை நிரப்பிச் சுட்டேன், 180 தோட்டா வீதம். கம்பெனி மேகசினிலும் அதே 180, அதே பெட்டியிலிருந்து எடுத்த 115 கிரெயின் எடைக் குண்டு உள்ள அதே தோட்டா. ஆக 540. மூன்றையும் மாற்றி மாற்றிச் சுட்டேன். துப்பாக்கி சூடேறுவதும் கை அசருவதும் ஒரே மேகசினின் தலையில் விழக் கூடாது என்பதற்காக.

கம்பெனி மேகசினில் ஒரு தடைகூட இல்லை, அதாவது சுடும்போது ஒருமுறைகூடக் கோளாறு வரவில்லை.

ஒற்றைப்புள்ளியில் 2 தடை. இரண்டுமே என் தவறு. 15 தோட்டாவும் நிரம்பிய மேகசினை ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) மூடிய நிலையில் செருகும்போது மேல் தோட்டா ஸ்லைடின் அடியில் முட்டுகிறது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால்தான் கொக்கி பிடிக்கும். நான் மெல்லத் தட்டினேன். முதல் சூட்டிலேயே மேகசின் கழன்று தரையில் விழுந்தது.

இரட்டைப்புள்ளியில் 11 தடை. அதில் 7 முறை தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு குழலில் தோட்டா போய் உட்காரும் சேம்பரின் மேல் விளிம்பில் மாட்டியது. 3 முறை கடைசித் தோட்டா சுட்டு முடிந்தபின் ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டது. ஒன்று என்னவென்றே புரியவில்லை.

என் முடிவு: இரட்டைப்புள்ளிக்கு ஸ்பிரிங் சோப்ளாங்கி. பத்துக்குப் போதுமான ஸ்பிரிங்கைப் பதினைந்துக்குப் போட்டு விற்றுவிட்டார்கள். உங்கள் கருத்து என்ன?

வெண்ணாறு எழுதியது:

அண்ணன், அருமையான குறிப்பு. என் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். அப்பா காலமான பிறகு அவருடைய .32 பிஸ்டல் முறைப்படி என் பெயருக்கு உரிமம் மாறி வந்திருக்கிறது. ஒரே ஒரு மேகசின். எட்டு தோட்டா போட்டால் கடைசி இரண்டு சில நாள் மேலே ஏறுவதே இல்லை. ஸ்பிரிங் செத்துவிட்டது என்றுதான் நானும் நினைக்கிறேன். நீங்கள் திரும்பிப் போய் அடுத்த முறை வரும்போது .32-க்கு நீட்டித்த மேகசின் ஒன்று கிடைத்தால் பெட்டியில் போட்டு எடுத்துவர முடியுமா? காலி மேகசின்தானே, தகரப் பெட்டிதானே. பணத்தை அக்கா வீட்டிலேயே கொடுத்துவிடுகிறேன்.

அரசலாறு எழுதியது:

வெண்ணாறு, மேலே எழுதியதை முதலில் அழியுங்கள். கும்பகோணம் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டு கறுப்புக் கோட்டு போட்டவன் சொல்கிறேன்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்கான விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். முழுத் துப்பாக்கி மட்டும் அதில் இல்லை. அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் சேர்ந்தே இருக்கின்றன. காலி மேகசின் என்பது பாகம். அதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 10-ஆம் பிரிவின்படி இறக்குமதி உரிமம் வேண்டும். அமெரிக்காவை விட்டு வெளியே எடுத்துவர அந்த நாட்டு ஏற்றுமதி விதிகள் தனியாக இருக்கின்றன. இரண்டு நாட்டிலும் ஒரே பொருளுக்காக மாட்டிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

என்னிடம் வந்த ஒருவருடைய கதை. வெளிநாட்டில் சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையையே விமானப் பயணத்துக்கும் எடுத்துக்கொண்டார். பக்கப் பையின் தையலில் ஒரே ஒரு தோட்டா சிக்கிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. எக்ஸ்ரேவுக்குத் தெரிந்தது. அறிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் இத்தகைய வழக்கில் முக்கியமான கேள்வி. கடைசியில் வெளியே வந்துவிட்டார். ஆனால் அதற்குள் விடுமுறை போனது, வேலை போனது, அவருடைய தாயாருக்கு ரத்த அழுத்தம் வந்தது.

குடமுருட்டி தம்பி, நீங்கள் எந்தப் பையில் வந்தீர்கள்?

குடமுருட்டி எழுதியது:

தனிப் பைதான் ஐயா. சுடுதளப் பை கார் கொட்டகையைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வராது. ஆனாலும் நீங்கள் கேட்டதும் எழுந்துபோய் ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அக்கா சிரிக்கிறார்.

வெண்ணாறு தம்பி, மன்னிக்கவும். ஒரு ஸ்குரூகூடக் கொண்டுவர மாட்டேன்.

குத்துவிளக்கு எழுதியது:

எதற்கு அமெரிக்கா? இங்கே சுவாமிமலையில் மெழுகில் உருப் பிடித்து ஐம்பொன்னில் நடராஜரின் சடைமுடி வரை வார்க்கிறார்கள். எங்கள் நாச்சியார்கோவிலில் கழுத்துக் கழுத்தாகத் திருகிக் கழற்றும் விளக்கு செய்கிறோம். ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஸ்பிரிங்கும் நமக்குப் பெரிய வேலையா? பட்டறையில் கொடுத்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

அரசலாறு எழுதியது:

முடிந்துவிடும்தான். அதற்குப் பிறகு ஆரம்பிப்பதைச் சொல்கிறேன். 5-ஆம் பிரிவு. உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்வது மட்டுமல்ல. மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது, விற்பது, சோதித்துப் பார்ப்பது வரை அந்த ஒரே பிரிவில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறினால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அதே திருத்தத்தில்தான் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. நம் பக்கத்து மிராசுதார் வீடுகள் சிலவற்றில் மூன்றாவதை ஒப்படைக்க மனமில்லாமல் தவித்ததை நான் நேரில் பார்த்தேன்.

நெறியாளர் எழுதியது:

பட்டறைப் பேச்சு இத்துடன் நிற்கட்டும். வெளியே வாங்கிய பொருளைச் சட்டப்படி இருக்கும் இடத்தில் சோதித்தது பற்றித்தான் இந்த இழை. செய்முறை யார் எழுதினாலும் நீக்கப்படும்.

குத்துவிளக்கு எழுதியது:

விளையாட்டாகச் சொன்னேன் ஐயா. விளக்கே செய்கிறேன்.

ஒரத்தநாட்டார் எழுதியது:

பட்டாளத்தில் இருபத்துநான்கு ஆண்டு. அவில்தாராக வந்து இப்போது தென்னைக்குத் தண்ணீர் விடுகிறேன். மேகசின் என்ற சொல்லைக் கேட்டால் சும்மா இருக்க முடியவில்லை.

துப்பாக்கி நின்றுபோவதை நாங்கள் 'ரோக்' என்போம். பயிற்சியில் ரோக் வந்தால் உஸ்தாத் கேட்கும் முதல் கேள்வி: எத்தனையாவது ரவுண்டில்? ஏன் நின்றது என்று அவர் கேட்கவே மாட்டார். அது எங்களாலேயே தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

குடமுருட்டி தம்பி எல்லாம் எண்ணியிருக்கிறார், பாராட்டுகள். ஆனால் எத்தனையாவது தோட்டா என்று எழுதவில்லை. நோட்டில் இருக்கிறதா?

பெரிய மேகசின் என்றாலே வம்புதான் என்பதற்கு உலகப் போர்க் காலத்து ஸ்டென் என்ற இயந்திரத் துப்பாக்கி சாட்சி. அதில் 32 பிடிக்கும். இரண்டு வரிசையாகக் கிடக்கும் தோட்டா வாய்க்கு வரும்போது ஒற்றை வரிசையாகக் குவிய வேண்டும், அங்கேதான் நெரிசல். 30-க்கு மேல் போடாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஸ்டெர்லிங்கில் 34 பிடிக்கும். நம் பட்டாளத்தின் 9 எம்.எம். கார்பைன் அதன் வழிதான். அந்த மேகசினை வளைவாகச் செய்தார்கள், தோட்டாவைத் தூக்கும் தட்டுக்கு உருளை வைத்தார்கள், வாயில் இரண்டு வரிசையாகவே விட்டார்கள். அது நின்று நான் பார்த்தது குறைவு. எல்.எம்.ஜி. என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கியின் 30 மேகசினில் 28தான் போடுவோம். நீளம் கூடினால் பெட்டி, ஸ்பிரிங், தட்டு, வாய் என்று எல்லாமே அதற்கேற்ப மாற வேண்டும். வெறும் பெட்டியை மட்டும் இழுத்து நீட்டினால் ரோக்கும் நீளும்.

பத்துமீட்டர் எழுதியது:

ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். திருச்சியில் பயிற்சி எடுக்கிறேன், காற்றுப் பிஸ்டலும் 25 மீட்டர் .22-ம். எங்கள் போட்டியில் ஒரு வரிசைக்கு ஐந்து தோட்டா, அதற்கு மேல் ஒன்றுகூட நிரப்பக் கூடாது. ஆகையால் நீட்டித்த மேகசினால் எனக்கு நயாபைசா பயன் இல்லை. பெண்களின் 25 மீட்டர் தகுதிச் சுற்றில் மொத்தமே அறுபது தோட்டாதான், பன்னிரண்டு முறை ஐந்து ஐந்தாக. அங்கே ஒரு தடை வந்தால் அது நம் தவறா கருவியின் தவறா என்று நடுவர் முடிவு செய்யும் வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதனால் மேகசின் விஷயத்தில் என்னைவிடப் பயந்தவர்கள் இங்கே இருக்க முடியாது.

குடமுருட்டி அண்ணனுக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, பதினைந்து தோட்டா நிரம்பிய மேகசின் பத்தைவிட, தோட்டா எடை மட்டுமே சுமார் அறுபது கிராம் கூடுதல். அந்த எடை பிடிக்குக் கீழே தொங்குகிறது. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுவதும் பின்னால் போகாது. உங்கள் மணிக்கட்டை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்? இரண்டு, ஸ்பிரிங்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரட்டைப்புள்ளியின் ஸ்பிரிங்கை ஒற்றைப்புள்ளியில் போட்டுப் பார்த்தீர்களா?

குடமுருட்டி எழுதியது:

மணிக்கட்டுக்குப் பதில் இருக்கிறது. அதே மணிக்கட்டுதான் ஒற்றைப்புள்ளியையும் அதே எடையில் சுட்டது. அதில் தோட்டா ஏறுவதில் தடை ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. மாற்றிப் போடவில்லை. நோட்டை மூடிவைத்து, பெட்டி கட்டி, விமானம் ஏறிவிட்டேன். ஸ்பிரிங் என்று எழுதியது ஊகம்தான்.

அவில்தார் ஐயா, எத்தனையாவது தோட்டா என்பது நோட்டில் இருக்கிறது. மூக்கைத் தூக்கிய ஏழும்: 1, 2, 1, 3, 2, 1, 2. புரியாத அந்த ஒன்று 9-வது தோட்டா.

ஒரத்தநாட்டார் எழுதியது:

தம்பி, நீங்களே எழுதிவைத்துவிட்டு நீங்களே படிக்கவில்லையே!

மேகசின் நிரம்பியிருக்கும்போது ஸ்பிரிங் முழுவதும் அமுங்கியிருக்கிறது. அதன் தள்ளுவிசை அப்போதுதான் அதிகம். தோட்டா குறையக் குறைய விசை குறையும். ஸ்பிரிங் சோப்ளாங்கி என்றால் கோளாறு 13, 14, 15-ல் வர வேண்டும். உங்களுக்கு 1, 2, 3-ல் வருகிறது. பலம் கூடுதலாக இருக்கும் இடத்தில் நிற்பதற்குப் பலவீனத்தைக் காரணம் சொன்னால் எப்படி?

என் கணிப்பு மேகசினின் உதடு. மேலே இரண்டு பக்கமும் உள்ளே மடிந்திருக்கிறதே, அதுதான் தோட்டாவைப் பிடித்து வைத்து, ஸ்லைடு தள்ளும்போது சரியான நேரத்தில் விடுகிறது. அந்த வாய் அகன்றிருந்தால் கீழிருந்து வரும் அழுத்தத்தில் தோட்டா சீக்கிரமே நழுவி, மூக்கைத் தூக்கும். நிரம்பிய நிலையில் அழுத்தம் அதிகம், அதனால் முதல் மூன்றில் நழுவுகிறது. பிறகு அழுத்தம் குறைந்ததும் ஒழுங்காகிவிடுகிறது.

ஸ்லைடு நிற்காத அந்த மூன்று மட்டும் ஸ்பிரிங்காக இருக்கலாம். அது காலியான நிலை.

வெண்ணாறு எழுதியது:

ஐயா, அப்படியானால் என்னுடையது கடைசி இரண்டு தோட்டா. அது ஸ்பிரிங்தானே?

ஒரத்தநாட்டார் எழுதியது:

ஸ்பிரிங்காகவும் இருக்கலாம், ஸ்பிரிங்கை எதுவோ பிடித்துக்கொண்டிருக்கவும் செய்யலாம். கடைசியாக எப்போது கழற்றித் துடைத்தீர்கள்?

தென்னந்தோப்பு எழுதியது:

துடைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் மாமாவிடமும் ஒரு .32 இருந்தது. எங்கள் ஊரில் கதவுக் கீலிலிருந்து தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். மாமா மேகசினுக்குள்ளும் அதைத்தான் விட்டார். சித்திரை வைகாசியில் எல்லாம் வழுவழு. மார்கழியில் ஒரு விடியற்காலை எடுத்துப் பார்த்தால் தட்டு பாதியில் நிற்கிறது. தலைக்குத் தேய்க்கும் பாட்டில் உறைந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மேகசினுக்குள்ளும் அதே எண்ணெய்தான் உறைந்திருக்கிறது என்பது தோன்றவே இல்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் கட்டிவிடும், மார்கழி விடியலில் நம் ஊரிலேயே அதற்குக் கீழே போகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஓடு பறந்து, மூன்று நாள் அந்த அலமாரி நனைந்தே கிடந்தது. உறையிலிருந்து எடுக்காமல் விட்டதில் துரு ஏறிவிட்டது. தோப்பில் மரமெல்லாம் சாய்ந்து கிடக்கும்போது யாருக்குத் துப்பாக்கி நினைவு வரும்.

பத்துமீட்டர் எழுதியது:

மேகசினுக்கு உள்ளே எண்ணெயே கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே துருப்பிடிக்காமல் மெல்லிய துடைப்பு, உள்ளே உலர்ந்த துணி, அவ்வளவுதான். எண்ணெய் தூசியைப் பிடிக்கும். தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டிக்குள் கசிந்தால் தோட்டாவே கெட்டுப்போகும். டெல்டாவில் அறுவடைக் காலத்து நெல் சுணை இருக்கிறதே, அது உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். கதிர் அடிக்கும் நாளில் என் பையை மாடியறையில் வைத்துவிட்டு ஜன்னலை மூடிவிடுவேன்.

வெண்ணாறு, .32-க்கே உரிய இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. அந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு கூட்டைவிடச் சற்றே வெளியே நீட்டியிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், என்ன தள்ளினாலும் வராது. நீளம் குறைந்த குண்டு உள்ள தோட்டாவில் இது கூடுதலாக நடக்கும், முன்பின் அசைய இடம் இருப்பதால். எங்கள் .22-ல் விளிம்பு முழுதாகவே வெளியே இருப்பதால், ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதன் விளிம்புக்கு முன்னால் வைக்கிறோமா என்று பார்த்துப் பார்த்து நிரப்புவோம்.

வெண்ணாறு எழுதியது:

சகோதரி, இதெல்லாம் சோதிக்க எனக்குத் தோட்டா எங்கே? அண்ணன் 540 சுட்டிருக்கிறார். என் உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கையை வைத்து நான் 540 சுட வேண்டுமானால் என் பேரன் வந்துதான் முடித்து வைக்க வேண்டும்! அதுவும் 2024 தேர்தலுக்கு மார்ச்சில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ஜூனில்தான் கைக்கு வந்தது.

ஒரத்தநாட்டார் எழுதியது:

சுடாமலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். உரிமம் பெற்ற கடையில் மருந்தில்லாத போலித் தோட்டா இருக்கும். அங்கேயே கொண்டுபோய், அவர்கள் முன்னால் பாருங்கள். காலி மேகசினைக் கவிழ்த்தால் தட்டு ஆடுகிறதா. விரலால் கடைசி வரை அமுக்கி மெல்ல விட்டால் எங்காவது தயங்குகிறதா. உதடு இரண்டும் ஒரே உயரமா, எங்காவது கீறலோ வெடிப்போ தெரிகிறதா. பிறகு போலித் தோட்டாவை நிரப்பிக் கையால் ஸ்லைடை இழுத்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளுங்கள். பத்து முறை செய்தால் போதும், எந்த இடத்தில் மக்கர் செய்கிறது என்று தெரிந்துவிடும். கையால் இழுக்கும் வேகம் சுடும்போது வரும் வேகம் ஆகாது. ஆனால் தட்டு மாட்டுவதைக் கண்டுபிடிக்க அது போதும்.

குடமுருட்டி எழுதியது:

ஒரு கேள்வி. நிரப்பிய மேகசினை அப்படியே மாதக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்பார்களே. சோதனைக்கு முன்னால் இரண்டையும் இரண்டு வாரம் நிரப்பியே வைத்திருந்தேன். வெளியே எடுத்து அளந்தால் இரண்டின் ஸ்பிரிங்கும் புதிதாக இருந்ததைவிடச் சற்றுக் குட்டை. மறுபடி இரண்டு வாரம் நிரப்பி வைத்தேன், அதற்குமேல் குட்டையாகவில்லை.

ஒரத்தநாட்டார் எழுதியது:

தளரும். அதனால்தான் 30-க்கு 28 போட்டோம்.

பத்துமீட்டர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும், இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நான் இயந்திரவியல் படித்தவள். புது ஸ்பிரிங் முதலில் கொஞ்சம் படியும், பிறகு நின்றுவிடும். அண்ணனின் அளவு அதைத்தான் காட்டுகிறது. தாங்கும் எல்லைக்குள் அமுக்கி வைத்தால் சும்மா கிடப்பதால் அது சாவதில்லை. திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதில்தான் தேய்கிறது. எல்லையை மீறி அமுக்கினால் மட்டும் வேறு கதை. 28 போட்டதன் பயன், மேல் தோட்டா அளவுக்கு மீறி அழுத்தப்படாமல் இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

ஒரத்தநாட்டார் எழுதியது:

படித்த பிள்ளை சொல்கிறது. இருபத்துநான்கு ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விட முடியாது, அம்மா. 28-க்கு உங்கள் காரணமும் இருந்துவிட்டுப் போகட்டும், என் காரணமும் இருந்துவிட்டுப் போகட்டும். 28 மட்டும் மாறாது.

அரசலாறு எழுதியது:

இடையில் ஒரு பாமரக் கேள்வி. பத்து இருக்கும்போது பதினைந்து எதற்கு? திருடனோடு பேசவா, படையெடுக்கவா?

குடமுருட்டி எழுதியது:

உண்மையைச் சொன்னால் சுண்டுவிரலுக்காகத்தான் ஐயா. சுடுதளத்தில் அடிக்கடி நிரப்பும் வேலையும் மிச்சம். இடுப்பில் வைத்துக்கொள்ளும்போது பத்துதான் போடுகிறேன், நீட்டித்தது சட்டைக்கு வெளியே துருத்தும். சிறிய துப்பாக்கி வாங்கியதே மறைந்திருக்கட்டும் என்பதற்காக. அதற்குக் கீழே இவ்வளவு நீளத்தைத் தொங்கவிட்டால் பெரிய துப்பாக்கியையே வாங்கியிருக்கலாமே என்று மனைவி கேட்டார். அதற்கும் பதில் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் எழுத மறந்தேன். ஸ்லைடு பின்னால் நிற்கும்போது நீட்டித்த மேகசினை வேகமாகச் செருகினால் அளவுக்கு மீறி மேலே ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. குட்டை மேகசினில் அடித்தட்டே பிடியில் முட்டித் தடுத்துவிடும். நீண்டதில் அந்தத் தடுப்பு இல்லை. மேலேறினால் வெற்றுக் கூட்டை வெளியே தட்டும் முளையில் உதடு இடிக்கும். நான் வாங்கியதில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்துத் தடுத்திருக்கிறார்கள். அந்த வளையம் இரட்டைப்புள்ளியில் சற்றுத் தளர்வு. இப்போது யோசித்தால், உதடு அகன்றது தொழிற்சாலையிலா, என் கையாலா என்ற சந்தேகம் வருகிறது.

மன்னார்குடிக்காரர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார், சுடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். என் மனைவியிடம் மேகசின்களை வாங்கிக்கொண்டு தன்னுடைய இதே ரகத் துப்பாக்கியில் ஸ்பிரிங் மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போகிறார்.

குத்துவிளக்கு எழுதியது:

சனிக்கிழமை வரை டீ ஆறிவிடும். முடிவு தெரிந்ததும் சொல்லுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

மன்னைக்காரர் நேற்றிரவு அனுப்பியது. என் கணிப்பு பாதி தப்பு, அவில்தார் ஐயாவின் கணிப்பு முழுதும் சரி.

ஸ்பிரிங்கை மட்டும் இடம் மாற்றினார். தலைக்கு ஆறு முறை நிரப்பி, 90 தோட்டா வீதம் சுட்டார். எத்தனையாவது தோட்டா என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

இரட்டைப்புள்ளிப் பெட்டியில் ஒற்றைப்புள்ளி ஸ்பிரிங்: மூக்கைத் தூக்கியது 4 முறை. 1, 1, 2, 1. ஸ்லைடு ஒரு முறைகூடத் தவறாமல் நின்றது.

ஒற்றைப்புள்ளிப் பெட்டியில் இரட்டைப்புள்ளி ஸ்பிரிங்: மூக்குத் தடை இல்லை. கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு நிற்காதது 2 முறை.

ஆக, முதல் மூன்று தோட்டாவின் கோளாறு பெட்டியோடு தங்கிவிட்டது. கடைசித் தோட்டாவின் கோளாறு ஸ்பிரிங்கோடு போய்விட்டது. வெர்னியர் வைத்து வாயை அளந்ததில் இரட்டைப்புள்ளி மற்றதைவிட 0.4 மில்லிமீட்டர் கூடுதல் அகலம். ஒரே மேகசினில் இரண்டு வியாதி. நான் ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்திருந்தேன்.

அந்த 9-வது தோட்டாவை யாராலும் மறுபடி வரவழைக்க முடியவில்லை. நோட்டில் கேள்விக்குறியோடு இருக்கிறது.

பத்துமீட்டர் எழுதியது:

வேறு துப்பாக்கியில் சுட்டதால் உங்கள் துப்பாக்கி மேலும் சந்தேகம் இல்லை என்றாகிவிட்டது. நல்ல வேலை. ஆனால் கை பட்டு அகன்றதா, பிறவியிலேயே அகலமா என்பது இன்னும் தெரியவில்லையே?

குடமுருட்டி எழுதியது:

தெரியவில்லை. வாங்கிய அன்றே அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை. மன்னைக்காரர் இடுக்கி எடுத்து மெல்ல நெருக்கித் தரட்டுமா என்கிறார்.

ஒரத்தநாட்டார் எழுதியது:

வேண்டவே வேண்டாம். உதடு பதப்படுத்திய எஃகு. ஒருமுறை வளைத்தால் வளையும், மறுமுறை வளைத்தால் வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு என்றைக்கு விரியும் என்று யாருக்குத் தெரியும்? திருப்பி அனுப்புங்கள்.

குடமுருட்டி எழுதியது:

விற்ற நிறுவனத்துக்குத் தோட்டா எண்ணிக்கையோடு எழுதினேன். கேள்வி கேட்காமல் வேறொன்று அனுப்பிவிட்டார்கள். போனதும் மூன்று புள்ளி வைத்து, முதல் வேலையாக வாயை அளந்து எழுதிவிட்டுத்தான் நிரப்புவேன். ஒற்றைப்புள்ளி அதன் சொந்த ஸ்பிரிங்கோடு சுடுதளத்துக்கு மட்டும். இடுப்புக்குக் கம்பெனிப் பத்துதான்.

அரசலாறு எழுதியது:

கிளம்பும் நாளில் பெட்டியை மறுபடி ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.

வெண்ணாறு எழுதியது:

என் கதையையும் முடித்துவிடுகிறேன். திங்கட்கிழமை உரிமத்தையும் பிஸ்டலையும் எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அவில்தார் ஐயா சொன்னபடி தட்டை அமுக்கி விட்டதும் பாதியில் நின்றது. கடைக்காரர் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே மஞ்சளும் பழுப்புமாக ஒரு களிம்பு, அதில் ஒட்டிக்கொண்டு நெல் சுணை, கொஞ்சம் துரு. வழித்துத் துடைத்து உலர்த்தி ஸ்பிரிங்கைப் பழையபடியே மாட்டினார். போலித் தோட்டா எட்டும் பத்து முறை தடையில்லாமல் ஏறி வந்தன. ஸ்பிரிங் நன்றாகவே இருக்கிறதாம். புது மேகசின் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரத்தநாட்டார் எழுதியது:

சந்தோஷம். உள்ளே என்ன எண்ணெய் விட்டிருந்தீர்கள், தம்பி?

வெண்ணாறு எழுதியது:

தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன்னால் துருப்பிடிக்கக் கூடாதே என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி விட்டேன், ஐயா.

தென்னந்தோப்பு எழுதியது:

எங்கள் மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை.